எழுத்துக்கு ஓரம் உண்டு

வேலையை விட்ட வருஷம் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சங்கரன்கோவிலில் ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்துக்கொண்டிருந்தேன். நிர்வாகத்தோடு ஒரு வாக்குவாதம் வந்தது. மறுநாள் போகவில்லை. அரசுத் தேர்வு எழுதி வேலைக்குப் போய்விடுவேன் என்று வீட்டில் சொன்னேன். எழுதவும் செய்தேன். முடிவு இன்று வரும், நாளை வரும் என்று தள்ளிக்கொண்டே போனது.

வீட்டில் இருந்தால் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் காலையிலேயே நூலகத்துக்குப் போய்விடுவேன். மாடியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற கூட்டம் எப்போதும் நிறைந்திருக்கும். கதவு திறப்பதற்கு முன்பே வந்து பையைப் போட்டு இடம் பிடிப்பார்கள். நானும் ஒரு நாற்காலியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்வேன். ஒரு பக்கம் படிப்பதற்குள் போனை எடுத்து முடிவு வந்துவிட்டதா என்று பார்ப்பேன். தண்ணீர் குடிக்கக் கீழே இறங்குவேன். திரும்ப ஏறி அதே பக்கத்தை முதலிலிருந்து படிப்பேன்.

நூலகர் ஐம்பதைத் தாண்டியவர். யாரையும் அதட்டாத மனிதர். ஒரு நாள் படிக்கட்டுப் பக்கத்திலேயே என்னை நிறுத்தினார்.

“எம்மா, நீ ஏறி எறங்குததைப் பாத்தே எனக்கு மூச்சு வாங்குது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவங்களுக்கு சாயங்காலம் இங்கன கிளாஸ் நடத்தச் சொல்லியிருக்காக. தன்னார்வலர் வேணும்ங்காக. நீதான் டீச்சரா இருந்தவல்லா. எடுக்கியா?”

சம்பளம் கிடையாது என்பதையும் சொல்லிவிட்டார். உட்கார்ந்து போனைப் பார்ப்பதைவிட நின்றுகொண்டு பேசுவது மேல் என்று தோன்றியது. சரி என்றேன்.

முதல் நாள் கீழே குழந்தைகள் பகுதியில் இரண்டு பெஞ்சு நிறைய ஆள் வந்திருந்தார்கள். பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற அக்கா, ஆடு மேய்க்கிற பெரியவர், விசைத்தறிக்குப் போகிற சிலர். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேசிப் பழகிய குரலில் “எல்லாரும் அமைதியா உக்காருங்க” என்று சொல்லிவிட்டு எனக்கே கூச்சமாகப் போய்விட்டது. என் அப்பா வயதில் அதில் பாதிப் பேர்.

ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். மல்லிகை வரத்துக் கூடியதும் பூ மார்க்கெட் ஆள் நின்றார். சமைக்கிற அக்காவுக்கு முட்டிவலி. ஆடித்தபசு வந்தது. ஊரே கோயிலைச் சுற்றிக்கொண்டிருந்தபோது வகுப்புக்கு யார் வருவார்கள்? திருவிழாக் கடைகளைப் பிரித்த பிறகு நான் போய் உட்கார்ந்தால் ஒரே ஒரு ஜோடி மட்டும் வந்து நின்றது. தறிக்குப் போகிற புருஷனும் பெண்டாட்டியும். அவருக்கு நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு இருக்கும். அந்த அம்மாவுக்கு அவரைவிடப் பத்து வயதாவது குறைவு. அவரை அண்ணாச்சி என்றும் அந்த அம்மாவை மதினி என்றும் கூப்பிட்டேன். அவர்கள் இருவருக்கும் நான் டீச்சர்.

படிக்க வந்தவர் அண்ணாச்சிதான். மதினி துணைக்கு வந்தவள். மகளுக்குத் திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆனபோது மதினி உள்ளே இருந்திருக்கிறாள். அண்ணாச்சி சாப்பாட்டு வாளியோடு பின்னால் போயிருக்கிறார். எந்தக் கட்டடம், எந்த வார்டு என்று எழுதியிருந்த பலகைகளுக்குக் கீழேயே நின்று ஆட்களிடம் வழி கேட்டிருக்கிறார். ஒருவர் மாடிக்குப் போகச் சொன்னார். மாடியில் இருந்தவர் பின் கட்டடத்துக்கு அனுப்பினார். அவர் போய்ச் சேர்ந்தபோது பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது. பேத்தியை மறுநாள்தான் பார்த்தார்.

“வாளியில சோறு ஊசிப் போச்சு டீச்சர். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். தனியா வர ஒரு மாதிரி இருந்துது. அதான் இவளையும் இழுத்துட்டு வந்தேன்.”

“எனக்கு எதுக்கு இந்தப் படிப்பு?” என்று மதினி அன்று பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து வாசலைப் பார்த்தபடி சொன்னாள்.

ஆனால் படிப்பு அவளைத்தான் பிடித்துக்கொண்டது. ஒரு எழுத்தைக் காட்டினால் அது வருகிற நாலு வார்த்தையை அவளே சொல்லுவாள். அலமாரியில் ஒட்டியிருந்த பெயர்கள், குழந்தைப் புத்தகங்களின் அட்டை, என் பையில் இருந்த பிஸ்கட் பாக்கெட் எல்லாவற்றிலும் அவள் கண் மேய்ந்தது. அண்ணாச்சியோ கரும்பலகையில் நான் பெரிதாக எழுதினால் சட்டென்று சொல்லிவிடுவார். அதே எழுத்தைப் புத்தகத்தில் காட்டினால் திணறுவார். பக்கத்தைத் தள்ளிப் பிடிப்பார், கிட்டக் கொண்டுவருவார், நெற்றியைத் தேய்ப்பார். பிறகு, “ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்” என்று எழுந்து வெளியே போய்விடுவார். பலகையில் எழுதுவதை என் வாயைப் பார்த்து மனப்பாடமாகச் சொல்கிறார் என்று நான் நினைத்தேன். எனக்குப் பொறுமை குறைவு. அந்த நாட்களில் இன்னும் குறைவு.

கொஞ்ச நாள் கழித்து ஒரு விசித்திரத்தைக் கவனித்தேன். மதினியும் திணற ஆரம்பித்தாள். நேற்று தடையில்லாமல் படித்த வரியை இன்று எழுத்துக் கூட்டினாள். “பட்டம்” என்பதைப் “பாட்டம்” என்றாள். மறந்துபோகிறது போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் நான் வரத் தாமதமாகிவிட்டது. வாசலில் அறிவிப்புப் பலகைக்கு முன்னால் அவள் மட்டும் நின்று விடுமுறை அறிவிப்பை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. அரை மணி நேரம் கழித்து, அண்ணாச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “ம… ர… மா டீச்சர் இது?” என்று கேட்டாள்.

வகுப்பு முடிந்து கைகழுவப் போனபோது பிடித்துவிட்டேன்.

“மதினி, வேணும்னேதான தப்பாப் படிக்கீக?”

அவள் குழாயை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அவர் தெருவில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

“மெதுவாப் பேசுங்க டீச்சர். நான் டக்குனு படிச்சா அவுக முகம் சுண்டிப்போகுது. வீட்டுக்குப் போயி சரியாச் சாப்பிட மாட்டேங்காக. படிக்கணும்னு ஆசப்பட்டது அவுகதான். நான் பாதியில வந்தவ.”

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. வீட்டுக்கு நடந்து போகிற வழியெல்லாம் அவளிடம் சொல்லியிருக்க வேண்டிய பதில்களை மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

அடுத்த வாரம் ஒரு நாள் அண்ணாச்சி வரவில்லை. அதற்கடுத்த நாள் மதினியும் இல்லை. காலி பெஞ்சுக்கு முன்னால் ஒரு வாரம் போல உட்கார்ந்திருந்தேன். நூலகர் விளக்கை அணைக்க வருவார், என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். தேர்வு முடிவும் வரவில்லை. இதுவும் போய்விட்டதென்றால் திரும்ப மாடிப்படி ஏறி இறங்குவதுதான் வேலை. ஒரு மத்தியானம் அவர்கள் வேலை செய்கிற தறிக்கூடத்தைத் தேடிப் போனேன்.

தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. உள்ளே போனால் பேச்சே எடுபடவில்லை. அங்கே எல்லோரும் கையாலும் உதட்டாலும்தான் பேசிக்கொண்டார்கள். அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தறியில் ஒரு இழை அறுந்திருந்தது. அறுந்த இரண்டு முனையையும் எடுத்து, தலையைப் பின்னால் சாய்த்து, கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். பிறகு கையை ஆட்டினார். அடுத்த வரிசையிலிருந்து மதினி வந்து கண் இமைக்கிற நேரத்தில் முடிச்சுப் போட்டுவிட்டுப் போனாள். தறியை ஓட விட்டுவிட்டு அவர் என்னை வெளியே வரச்சொல்லிக் கையைக் காட்டினார்.

“ஏன் வரல அண்ணாச்சி?”

“மண்டையில ஏறல டீச்சர். வயசாயிட்டு. நீங்களும் எத்தன நாளைக்குக் கத்துவீக? அவளுக்கு வருதுன்னா அவளக் கூட்டிட்டுப் போங்க.”

பின்னாலேயே வந்த மதினி, “நான் மட்டும் வந்து என்ன செய்ய?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவரும் போய்விட்டார். நான் தெருவில் நின்றேன்.

நடந்து பஸ் ஸ்டாண்ட் பக்கம் வந்தேன். டீக்கடைப் பெஞ்சில் ஒரு ஆள் போனைக் கை நீட்டிப் பிடித்து, தலையைப் பின்னால் சாய்த்து, நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர், “கண்ணாடிய எடுத்து மாட்டும்வே” என்றார். நான் அப்படியே நின்றுவிட்டேன். பலகையில் தெரிகிறது, புத்தகத்தில் தெரியவில்லை. நூலைக் கை நீட்டிப் பிடிக்கிறார், மனைவியைக் கூப்பிடுகிறார். நாற்பதைத் தாண்டினால் எல்லோருக்கும் வருகிற வெள்ளெழுத்து. இத்தனை நாள் நான் மண்டையைத்தான் பார்த்தேன், கண்ணைப் பார்க்கவில்லை.

நாளைக்குச் சொல்லலாம் என்று என்னால் இருக்க முடியாது. நூலகத்துக்கு ஓடினேன். நூலகர் மேசையில் கண்ணாடி கிடந்தது.

“சார், உங்க கண்ணாடி கொஞ்ச நேரம் வேணும்.”

“எனக்கு வேல கெடக்கே?”

“இப்ப வந்துருதேன்.”

அவர் சரி என்பதற்குள் வாசலில் இருந்தேன். தறிக்கூடத்தில் அப்போது கரண்ட் போயிருந்தது. சத்தம் நின்று எல்லோரும் திண்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் மூச்சிரைக்கப் போய் நின்றதும் பேச்சு நின்றது. கண்ணாடியை நீட்டினேன்.

“இத மாட்டிக்கிட்டு ஏதாவது ஒன்ன வாசிங்க அண்ணாச்சி.”

“எதுக்கு?”

“மாட்டுங்களேன்.”

வாசிக்க அங்கே புத்தகம் எதுவும் இல்லை. சுவரில் நாள்காட்டி தொங்கியது. அதில் கீழே பொடி எழுத்தில் ராசிபலன், ராசிக்கு ஒரு சொல்லாகப் போட்டிருந்தார்கள். அவர் வேண்டாவெறுப்பாகக் கண்ணாடியை மாட்டி, வாசல் வெளிச்சத்தில் நாள்காட்டிப் பக்கம் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. விரலைக் கொண்டுபோய் எழுத்தின் மேல் வைத்தார், எடுத்தார். தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி நாள்காட்டியைப் பார்த்தார்.

“எழுத்துக்கு ஓரம் இருக்கு டீச்சர்” என்றார்.

“என்ன அண்ணாச்சி?”

“இல்ல… புஸ்தகத்துல எழுத்துன்னா கலங்கலாத்தான் இருக்கும்னு நெனச்சேன். படிச்சவங்க அந்தக் கலங்கலுக்குள்ள எப்படியோ கண்டுபுடிச்சிருதாங்க, நமக்கு அது வரலன்னு நெனச்சேன்.”

அவர் விரலை நகர்த்தினார்.

“ம… க… ர… ம். மகரம்.” மூச்சு விட்டார். “அ… லை… அலைச்… ச… ல். அலைச்சல்.”

மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சந்தோஷத்தில் வாய் தவறியது. “நேத்தும் மகரத்துக்கு அலைச்சல்னுதான போட்டிருந்தான்!”

அவர் கண்ணாடியோடு மெல்லத் திரும்பினார்.

“நேத்துப் போட்டிருந்தத நீ எப்படிட்டி பாத்தே?”

மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். திண்டில் இருந்த பெண் ஒருத்தி, “இது தெரியாதா? தெனமும் நீங்க டீக்குப் போனதும் காலண்டரைக் கிழிச்சு எங்க எல்லாருக்கும் பலன் வாசிச்சுச் சொல்லுததே இவதான்” என்று போட்டு உடைத்தாள். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, என் கையில் கொடுத்தார். கோபமா வருத்தமா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. கரண்ட் வந்துவிட்டது. தறிகள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்ததும் எல்லோரும் எழுந்தார்கள். நான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன்.

அதன் பிறகு நாலைந்து நாட்கள் எனக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் மிகையில்லை. நல்லது செய்யப் போய் ஒரு வீட்டில் சண்டையை மூட்டிவிட்டேனோ என்று பயம். போய்ப் பார்க்கக் கால் வரவில்லை. வகுப்பு நேரத்தில் வாசலுக்கும் பெஞ்சுக்கும் நடந்தேன். “பெருக்குதவங்களுக்கு வேலையே இல்லாமப் போச்சு, தரையெல்லாம் நீயே தேய்ச்சிட்ட” என்றார் நூலகர்.

ஒரு சாயங்காலம் இருவரும் வந்தார்கள். அண்ணாச்சி மூக்கில் பஸ் ஸ்டாண்ட் கடையில் வாங்கிய கறுப்புச் சட்டக் கண்ணாடி. வந்ததும் புத்தகத்தை எடுத்து, விட்ட பக்கத்தைத் தேடினார். ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. மதினிதான் பிறகு சொன்னாள். அன்று வீட்டுக்குப் போய் அவர் நாள்காட்டித் தாளைக் கையில் கொடுத்து, “இதுல இருக்கது பூராத்தையும் படி” என்றாராம். நல்ல நேரம், ராகு காலம், சூலம், கடைசியில் இருந்த அச்சகத்தின் பேர் வரை அவள் படித்திருக்கிறாள். முடிந்ததும், “அன்னைக்கே உனக்கு இப்படிப் படிக்கத் தெரிஞ்சு, ஆஸ்பத்திரியில என்கூட வெளிய நின்னிருந்தா, சோறு ஊசியிருக்காதுல்லா” என்றாராம். காலையில் எழுந்ததும், “இனிமே வேணும்னே தப்பாப் படிச்சேன்னு வையி, டீச்சர் அடிக்க வேண்டாம், நானே அடிப்பேன்” என்றாராம்.

கண்ணாடி போட்டதும் அவர் வேகமாகப் படித்துவிட்டார் என்று நான் எழுதினால் அது பொய். எழுத்துத் தெரிந்தது. அவ்வளவுதான். கூட்டிப் படிப்பதற்கு அவருக்குப் பாடு இருந்தது. “ண”வும் “ன”வும் கடைசி வரை அவருக்கு ஒன்றுதான். பெண்டாட்டி முன்னால் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்வது அவருக்குச் சுலபமாக இருந்ததாகவும் தெரியவில்லை. சில நாள் பேனாவை மேசையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார். ஆனால் திரும்பி வருவார். மதினி ஒளித்துவைப்பதை நிறுத்திவிட்டாள். ஒளிக்காமல் படிக்கும்போது அவள் குரலே வேறாக இருந்தது. கொஞ்சம் உரத்த, தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல்.

வயது வந்தோருக்கான எழுத்தறிவுத் தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடம் ஒன்றில் நடந்தது. சொல்லிக் கொடுத்தவர்கள் வெளியே நிற்க வேண்டும். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முட்டி இடிக்க அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். இரண்டு வரிசை தள்ளி மதினி. அவள் பாதி நேரத்திலேயே முடித்துவிட்டாள். முடித்துவிட்டுத் தாளை மூடாமல், பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலையைத் தூக்கியபோதெல்லாம் அவள் கண்ணில் பட்டாள். மூன்றாவது தடவை அவர் பொறுக்காமல் அறை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

“ஏட்டி, எழுதி முடிச்சாச்சுன்னா தாளக் குடுத்துட்டு வெளிய போ. நீ பாத்துக்கிட்டு இருந்தா எனக்குக் கை ஓடல.”

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். மேற்பார்வைக்கு வந்த டீச்சரும் சிரிப்பை அடக்கிக்கொண்டார். மதினி சிவந்துபோய்த் தாளைக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தாள். வந்தவளால் நிற்க முடியவில்லை. வேப்பமரம் வரை போவாள், திரும்புவாள். சுவரில் எழுதியிருந்த கை கழுவும் முறையைப் படிப்பாள். கழிப்பறைக் கதவில் இருந்ததையும் படித்தாள். “இன்னும் எழுதுதாகளா? பாருங்க டீச்சர்” என்று என்னை ஜன்னலுக்கு அனுப்புவாள். எனக்கும் அதே பரபரப்பு. என் தேர்வுக்குக்கூட நான் அப்படி இருந்ததில்லை. மணி அடித்துத் தாளை வாங்கியபோதும் அவர் எழுதிக்கொண்டுதான் இருந்தார்.

“கடைசிக் கேள்வி விட்டுப்போச்சு” என்று வெளியே வந்தவர் முதலில் அவளிடம்தான் சொன்னார். “நீ எழுதிட்டியா?”

“எழுதிட்டேன்.”

“என்ன எழுதுன?”

அவள் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே வாசலைத் தாண்டி நடந்தார். என்னிடம் சொல்லிக்கொள்ள இருவரும் மறந்துவிட்டார்கள்.

இருவருக்கும் சான்றிதழ் வந்தது. என் தேர்வு முடிவும் அதே சமயத்தில் வந்தது. எனக்குக் கிடைக்கவில்லை. கொஞ்சத்தில் தவறியது என்று எல்லோரிடமும் சொன்னேன். கொஞ்சத்தில்தான் தவறியது, ஆனால் அதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. திரும்ப விண்ணப்பம் போட்டேன். மாலையில் புது ஆட்கள் வந்தார்கள். முதல் நாளே ஒவ்வொருவர் கண்ணையும் விசாரித்தேன். நூலகரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு கண் முகாமுக்கும் ஏற்பாடு செய்தோம். அண்ணாச்சி வகுப்பை விட்டுவிட்டார். தனக்கு வேண்டியது வந்துவிட்டது என்றார். மதினி மட்டும் உறுப்பினர் ஆனாள். புத்தகம் எடுக்க வருவாள், குழந்தைப் புத்தகத்தில் ஆரம்பித்து இப்போது சமையல் குறிப்புக்கும் தொடர்கதைக்கும் வந்திருக்கிறாள். பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான் திருப்பி வைப்பாள்.

போன மாதம் அடுத்த தேர்வு எழுதத் திருநெல்வேலிக்குப் போனேன். விடிந்தும் விடியாமல் பஸ் ஏறினால், முன் இருக்கையில் அவர்கள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பேத்தியைப் பார்க்கப் போகிறார்களாம். ஹால் டிக்கெட்டைப் பையில் வைத்தேனா என்று மூன்று தடவை பார்த்துவிட்டு, நானும் அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். புத்தகத்தைத் திறந்தேன். படிக்க விட்டால்தானே. அண்ணாச்சி ஜன்னலோரம் இருந்து, கண்ணில் படுகிற பலகையையெல்லாம் உரக்கப் படித்துக்கொண்டு வந்தார். தூரத்துப் பலகைக்குக் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டார். உரக்கடை, டயர் கடை, திருமண மண்டபம். பஸ்ஸில் தூங்குகிறவர்கள் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்கள்.

ஒரு ஊர் வந்தது. பெரிய பலகை.

“பன… வ… டலி…” என்று ஆரம்பித்தார். பஸ் ஆளை இறக்கிவிட்டு உடனே கிளம்பிவிட்டது. அவர் கழுத்தைத் திருப்பி, பின்னால் ஓடும் பலகையை எட்டிப் பார்த்தார். “ச… போச்சு. பாதியில எடுத்துட்டான்.”

“பனவடலிசத்திரம்” என்றாள் மதினி, கையிலிருந்த புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

“நீ சொல்லாத. வரும்போது நானே படிப்பேன்.”

“வரும்போது நீங்க இந்தப் பக்கம் உக்காந்தா பலகை அந்தப் பக்கமில்லா இருக்கும்.”

“அப்ப அந்தப் பக்கம் உக்காருவோம்.”

அவள் பக்கத்தைப் புரட்டினாள். அவர் கண்ணாடியை இறக்கி மூக்கில் வைத்து, அவள் தோளுக்கு மேல் எட்டி அந்தப் பக்கத்தைப் பார்த்தார். நான் என் புத்தகத்துக்குத் திரும்பினேன். மனசு நிற்கவில்லை, காலும் நிற்கவில்லை. தேவர்குளம் தாண்டியும் அதே பக்கத்தில்தான் இருந்தேன்.